ராசுவின் கருமாதிக்கு மூன்று படங்கள்

படம் முடிவதற்கு முன்னால் ராசு எழுந்துவிடுவான். நைனார்பாளையம் டென்ட் கொட்டகைக்குப் போய்வருகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கடைசிச் சண்டை தொடங்கியிருக்கும். அல்லது பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் சேரப்போகிறார்கள் என்று கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து ஆண்கள் பக்கத்து மணலில் ஒரு ஆள் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்தபடி வாசலைப் பார்த்து நடப்பான். பின்னால் இருப்பவர்கள் மறைக்கிறது என்று திட்டுவார்கள். குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருக்கும் அவன் பெண்டாட்டி காசியம்மாளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போவாள்.

ஊரில் அவனுக்கு முக்காப்படம் என்று பேர் வைத்திருந்தார்கள். கூடப்பிறந்த அண்ணன் பாவாடையே அப்படித்தான் கூப்பிடுவான். கரும்பு வெட்டப் போன இடத்தில் யாராவது ஒரு படத்தைப் பற்றிப் பேச்செடுத்து, கடைசியில் என்ன ஆனது என்று தெரியாமல் தடுமாறினால், "முக்காப்படத்த கேளு, அவன்தான் கரெக்டா சொல்லுவான்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். ராசுவும் சிரிப்பான். ஏன் எழுந்து போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. வயதானவர்களுக்குக் காரணம் தெரியும், அதனால் கேட்கவில்லை. சின்னவர்கள் அதை ஒரு கிறுக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு பேரும் கூலி வேலைக்காரர்கள். கரும்பு, மணிலாக் கடலை, நடவு, களை, எது கிடைக்கிறதோ அது. மாசி பிறந்தால் கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் புளி உலுக்கப் போவார்கள். ராசு மரம் ஏறுவான், காசியம்மாள் கீழே பொறுக்குவாள். ராசு வாய் திறந்து பேசுகிறவன் இல்லை. வீட்டில் உப்பு இருக்கிறதா, நாளைக்கு யார் கொல்லையில் வேலை, அவ்வளவுதான். அவன் பேசுவது கொட்டகையை விட்டு வரும் வழியில் மட்டும்தான். மணிலாக் கொல்லைகளுக்கு நடுவே வரப்பில் அவன் முன்னால், அவள் பின்னால். கொஞ்சதூரம் வந்ததும் ஆரம்பிப்பான்.

"இன்னா ஆயிருக்கும்?"

பார்க்காமல் விட்டு வந்த முடிவைத்தான் கேட்கிறான். காசியம்மாள் ஒன்று சொல்லுவாள். அந்த ஆள் திரும்பி வந்திருப்பான் என்பாள். வந்திருக்கமாட்டான் என்பான் ராசு. வந்தாலும் அவள் சேர்த்துக்கொள்ளமாட்டாள் என்பாள் இவள். வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முடிவு கட்டிவிடுவார்கள். கதவைத் திறக்கிற நேரத்தில் ராசு தீர்ப்புச் சொல்லுவான். "இத்த சேத்துக்கலாம்." அல்லது, "வேணாம்."

எதில் சேர்ப்பது, எதற்காகச் சேர்ப்பது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. எழுதிவைக்கவும் இல்லை. காசியம்மாள் மூணாவதோடு நின்றவள், ராசு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன். ஆனால் எந்தெந்தப் படம் சேர்ந்திருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் மனப்பாடம். நடவு நடும்போது காசியம்மாள் அதை வாய்க்குள் சொல்லிப்பார்ப்பாள்.

ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய படம் ஒன்றுகூட அதில் கிடையாது. பெரிய நடிகர்களின் படம் நைனார்பாளையம் வந்து சேர்வதற்குள் கிழடு தட்டிப்போய் கோடு கோடாக ஓடும், ஆனாலும் கூட்டம் தாங்காது. அந்தப் படங்களையும் இவர்கள் பார்த்தார்கள், ரசித்தார்கள், வரும் வழியில் ராசு "வேணாம்" என்றுவிடுவான். "அவன் நல்லாத்தான் இருக்கிறான், அவனுக்கு நம்ம எதுக்கு?" என்பான். இரண்டு பெரிய படத்துக்கு நடுவில் யாருக்கும் வேண்டாத ஒரு படம் வந்து, பாதிக் கொட்டகை காலியாக ரெண்டு நாள் ஓடிவிட்டுப் போய்விடும். அதில்தான் இவர்களுக்கு வேண்டியது கிடைத்தது.

படங்களுக்கு உண்மையான பேர் என்ன என்பது அவர்களுக்கு நினைவில் நின்றதில்லை. அவர்களே ஒரு பேர் வைத்துக்கொள்வார்கள். குதிரைவண்டிப் படம் என்று ஒன்று. வண்டிக்காரன் ஒருவன் கஷ்டத்துக்குக் குதிரையை விற்றுவிடுகிறான், விற்ற பிறகு தினமும் சாயங்காலம் வாங்கினவன் வீட்டு வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டு அதைப் பார்க்கிறான். தையல்கார அம்மா படம் என்று ஒன்று. தெருவுக்கே கல்யாணத் துணி தைத்துக்கொடுக்கிற ஒருத்தி, தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிழிசலோடு நிற்கிறாள். இன்னொன்று பனிப் படம். அது சினிமாவே இல்லை. படத்துக்கு முன்னால் போடுகிற கவர்மென்ட் நியூஸ். எங்கோ வடக்கே மலையில் பனி கொட்டுகிறது, பட்டாளத்துக்காரர்கள் டீ போடுகிறார்கள், ஒரு நாய் பனிக்குள் உட்கார்ந்து அவர்களையே பார்க்கிறது. மற்றவர்கள் முறுக்கு வாங்கப் போகிற நேரம் அது. ராசு மட்டும் அசையமாட்டான். கடைசிவரை அவன் உட்கார்ந்து பார்த்தது அது ஒன்றைத்தான். எழுந்திருக்க அவகாசம் கொடுக்காமல் முடிந்துவிடும்.

ஒரு படத்தைச் சேர்த்துக்கொள்ளும்போது சில தடவை ராசு, "நல்லாத்தான் கீது. அந்த அளவுக்கு இல்ல" என்பான். எந்த அளவுக்கு என்று காசியம்மாள் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அந்த அளவு என்றால் அது ஓடக்காரன் படம். ராசு எழுந்துபோகிற பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம். பெரியநாயகி என்று ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயசு. அன்று காலையில் குழந்தைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. கஷாயம் போட்டுக் கொடுத்ததும் தணிந்துவிட்டது. சாயங்காலம் சிரித்து விளையாடியது. சரி என்று முதல் ஆட்டத்துக்குப் போனார்கள். குழந்தை காசியம்மாள் மடியிலேயே தூங்கிவிட்டது.

ஆற்றில் ஓடம் ஓட்டுகிற ஒருவன். அவன் பெண்டாட்டி நாடகக் கம்பெனிக்காரனோடு ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். எத்தனையோ வருஷம் கழித்து ஒருநாள் அக்கரையில் வந்து நின்றுகொண்டு ஓடத்தைக் கூப்பிடுகிறாள். ஓடத்தில் இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லோரும் போகாதே என்கிறார்கள். அவன் நடு ஆற்றில் துடுப்பைத் தூக்கினபடி நிற்கிறான்.

அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரீல் மாற்றுவதற்காக விளக்குப் போட்டார்கள். குழந்தையின் மூச்சுக் காற்று தொடையில் அனலாகப் படுவதைக் காசியம்மாள் அப்போதுதான் கவனித்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். தலையைத் தூக்கினால், குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ராசு இவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். என்ன என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டான். இவள் குழந்தையைக் காட்டினாள். அவனுக்குப் புரிந்தது. அவ்வளவில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அவன் எழுந்தால் எழுந்துவிடலாம் என்று இவள் இருந்தாள். இவள் எழுந்தால் எழுந்துவிடலாம் என்று அவன் இருந்தான். திரையில் அந்தப் பெண் அக்கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே கள்ளக்குறிச்சி போகிற கடைசி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கொட்டகைக்காக அது எப்போதும் கொஞ்சம் நிற்கும். இரண்டு பேருக்கும் காதில் விழுந்தது. இரண்டாவது தடவையும் அடித்தது. பிறகு கிளம்பிப்போனது.

படம் விட்டதும் ஆஸ்பத்திரிக்கு வண்டி தேடி ஓடினார்கள். பாவாடைதான் யாரையோ எழுப்பி மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தான். கள்ளக்குறிச்சிக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போதே குழந்தை காசியம்மாள் மடியில் அடங்கிவிட்டது. பஸ்ஸில் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் யாரையும் கேட்கவில்லை. ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

ரொம்ப நாள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. ஒருநாள் ராசுவே வந்து படத்துக்குப் போகலாம் வா என்றான். அவள் மறுக்கவில்லை. முடிகிற நேரத்தில் அவன் எழுந்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. இனிமேல் யார் எழுவது என்று அவள் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் அவனே எழுந்துவிடுவான்.

பிறகு வேடியப்பன் பிறந்தான், வளர்ந்தான். ஓடக்காரன் படத்தின் பேச்சை இரண்டு பேரும் எடுத்ததே இல்லை. சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று ராசு அதற்குத் தீர்ப்புச் சொல்லவும் இல்லை. ஆனால் மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான் என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். காசியம்மாள் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது சாதாரணப் படமாக இருந்தால் நாம் எழுந்திருப்போம். யாராலும் எழுந்திருக்க முடியாத படம் அது. பெற்றவர்கள் இரண்டு பேரை மணலோடு மணலாக உட்கார வைத்துவிட்ட படம் என்றால் அது எப்பேர்ப்பட்டதாக இருக்கவேண்டும். இந்த நினைப்பு இருந்ததால்தான் அவளால் சோறு தின்ன முடிந்தது, பக்கத்தில் படுத்திருக்கிறவன் முகத்தைப் பார்க்கவும் முடிந்தது.

ஒரு மாசி மாசத்தில், அடிவாரத்துப் புளியமரத்தில் இருந்து ராசு விழுந்தான். கிளை முறிந்த சத்தம் கேட்டுக் காசியம்மாள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மலைக்காரர்கள் நாலு பேர் கட்டிலில் வைத்து ரோடு வரைக்கும் தூக்கிவந்தார்கள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் கருமாதிக்கு முதல்நாள் ராத்திரி கூத்து வைப்பது வழக்கம். டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கிடைக்க ஆரம்பித்த பிறகு கூத்தை விட்டுவிட்டுப் படம் போட்டார்கள். வெளியூரில் இருந்து வந்த சொந்தக்காரர்கள் விடியும்வரை உட்கார்ந்திருக்கவேண்டுமே. மூன்று படம். முதலில் ஒரு சாமி படம், அப்புறம் ஊருக்குப் பிடித்த பெரிய நடிகர்கள் படம் இரண்டு. யார் செத்தாலும் பெரும்பாலும் அதே மூன்றுதான். கள்ளக்குறிச்சியில் இருந்து டெக்குக்காரர் கண்ணாயிரம் டிவிஎஸ்ஸில் வந்து, எந்த எந்தப் படம் என்று கேட்டுக்கொண்டு போவார்.

அன்றும் வந்தார். பந்தலில் பாவாடையும் ஊர் ஆட்கள் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். காசியம்மாள் உள்ளே மூலையில் இருந்தாள். கருமாதி முடியும்வரை தாலி அறுக்கப்போகிறவள் வாசல் தாண்டக்கூடாது. அதோடு புருஷனின் அண்ணனிடம் அவள் நேருக்கு நேர் நின்று பேசியதும் இல்லை. எதுவானாலும் பாவாடையின் மனைவி ஆயம்மாள் வழியாகத்தான்.

பாவாடை வழக்கமான மூன்றையும் சொல்லி முடிக்கிற நேரத்தில் காசியம்மாள் உள்ளே இருந்து, "யக்கா, அவருக்குப் புடிச்ச படமா போடச்சொல்லுக்கா மாமாவ" என்றாள்.

ஆயம்மாள் வாசற்படியில் நின்று அதை வெளியே சொன்னாள். முக்காப்படத்துக்கு முழுசா புடிச்ச படம் எது என்று யாரோ கேட்டான். செத்த வீடு என்றும் பார்க்காமல் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பாவாடை முறைத்ததும் அடங்கினார்கள்.

கண்ணாயிரம் நல்ல மனுஷன். அண்ணிக்கு வேண்டியது எதுவோ சொல்லட்டும், இருந்தால் கொண்டுவருகிறேன் என்றார். காசியம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆயம்மாள் வெளியே சொன்னாள். பேர் தெரியாமல் கதையைச் சொல்லியே கேட்டதில் கண்ணாயிரம் திண்டாடிப்போனார். தையல்கார அம்மா படத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பனிப் படத்தைச் சொன்னதும், "அது கவர்மென்ட்டு ரீலுக்கா. அத்தப்போயி எவன் கேசட்டு போடுவான்?" என்றார். குதிரைவண்டிப் படம் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. கடையில் இருக்கிறது, இதுவரைக்கும் ஒருத்தனும் வாடகைக்குக் கேட்டதில்லை, அதைப் போட்டால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்றார்.

பாவாடை யோசித்துவிட்டு, "ஊருக்கு ரெண்டு போடுவம். கடசில அவனுக்கு ஒன்னு போடுவம். குதிரவண்டியே எடுத்தாந்துடு" என்றான்.

பேச்சு முடிந்துவிட்டது. கண்ணாயிரம் எழுந்து வேட்டியைத் தட்டினார். ராசுவுக்கென்று ஒன்றே ஒன்று. அது குதிரைவண்டிப் படம். அவனுடைய காரியத்தில் அவனுக்கென்று ஒன்றைப் போடப்போகிறார்கள், அதிலும் காசியம்மாள் பொய்யாக ஒன்றைச் சொல்லிவிட்டு இருக்கப்போகிறாளா? இத்தனை வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து மூடி வைத்தது. இப்போது சேர்ந்து மூட ஆள் இல்லை.

"யக்கா. ஓடக்காரன் படம் கீதான்னு கேளு."

ஆயம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். செத்த குழந்தையைக் குளிப்பாட்டிப் புதுத்துணி சுற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

"இன்னாடி பேசற நீ" என்றாள், மெதுவாக.

வெளியே இருந்து பாவாடை, இன்னும் என்ன சொல்லுகிறது என்று கேட்டான். "ஒன்னும் இல்ல. குதிரவண்டியே போதும்னுது" என்றாள் ஆயம்மாள்.

காசியம்மாள் எழுந்தாள். கூட இருந்த பெண்கள் கையைப் பிடித்தார்கள். விடுவித்துக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்து, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, நிலையைப் பிடித்தபடி நின்றாள். பந்தலில் இருந்த ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"மாமா" என்றாள். "ஓடக்காரன் படம் போடுங்க மாமா. உங்க தம்பிக்கு அதான் புடிச்சிது."

அன்றைக்கு வண்டி ஓட்டியவன் பாவாடை. பாதிவழியில் வண்டியைத் திருப்பியதும் அவன்தான்.

"அதுவாம்மா?" என்றான்.

"அதான்."

"அவன் சொன்னானா?"

"சொல்லல. எனக்குத் தெரியும்."

பாவாடை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண்ணாயிரத்தைப் பார்த்து, அந்தப் படம் இருக்கிறதா என்று கேட்டான். பழைய கறுப்பு வெள்ளைப் படம்தானே, மெட்ராஸில் ஒரு கடைக்காரன் மொத்தமாகத் தள்ளிவிட்ட கேசட்டுகளில் அதுவும் வந்தது, தேடிப் பார்க்கிறேன் என்றார் அவர். "தேடி எடுத்தாந்துடு" என்று சொல்லிவிட்டுப் பாவாடை கொல்லைப்பக்கம் எழுந்து போனான்.

அடுத்த இரண்டு நாளும் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். பிள்ளையை முழுங்கின படத்தைப் புருஷன் காரியத்துக்குப் போடச்சொல்லுகிறாளே, இவளுக்கு நெஞ்சு இருக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்றார்கள். அவர்களும் பார்க்கட்டும் என்று காசியம்மாள் நினைத்தாள். ஒரு தடவை பார்த்தால் போதும். அந்தப் பெண் அக்கரையில் நின்று கூப்பிடும்போது இவர்களில் யாரால் எழுந்திருக்க முடிகிறது என்று பார்க்கலாம். ராசுவை முக்காப்படம் என்று சிரித்தவனும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேசமாட்டார்கள்.

சாமி படமும் பெரிய நடிகர் படமும் ஓடி முடிந்தபோது கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருந்தது. பந்தலில் பாதிப் பேர் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். மொட்டை அடித்திருந்த வேடியப்பன் தூணில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எலவனாசூர்கோட்டையில் இருந்து வந்திருந்த பெண்கள் சிலர் முதல் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு விழித்திருந்தார்கள். கண்ணாயிரம் மூன்றாவது கேசட்டைச் செருகினார். காசியம்மாள் வாசற்படிக்கு உட்புறம் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு வந்தது. அது ஆறே இல்லை. பின்னால் துணியில் வரைந்த மலை, அதில் ஒரு இடத்தில் மடிப்பு விழுந்திருந்தது. ஓடம் நகரவில்லை, தண்ணீரைத்தான் யாரோ பக்கத்தில் இருந்து கலக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடக்காரனுக்கு மீசை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இருந்தது. காமெடிக்காரன் ஒருவன் வந்து சேற்றில் விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். சின்ன டிவியில் பார்ப்பதால் இப்படி இருக்கிறது என்று காசியம்மாள் நினைத்தாள். பழைய கேசட்டு, அதனால்தான். அந்த இடம் வரட்டும். அந்த இடம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

அந்த இடமும் வந்தது. வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி கரையில் வந்து நின்றாள். கையை வாயருகே வைத்து இரண்டு தடவை கூப்பிட்டாள். குரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஓடக்காரன் துடுப்பைத் தூக்கினான். ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். அவன் ஓடத்தைத் திருப்பினான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. பிறகு ஒரு பாட்டு, ஒரு கல்யாணம், வணக்கம்.

எலவனாசூர்கோட்டைப் பெண்களில் ஒருத்தி கொட்டாவி விட்டபடி, "இன்னா படம் இது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். இரண்டு பேர் நடுவிலேயே எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் எழுந்துபோனதைக் காசியம்மாள் பார்த்தாள். அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் போனார்கள். ஒருத்தி பையைத் தேடி எடுத்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சாவகாசமாகப் போனாள்.

எழுந்திருக்க முடிகிற படம்தான் அது. எந்த இடத்திலும் எழுந்து போயிருக்கலாம். மடியில் நெருப்பாகச் சுட்டுக்கொண்டிருந்த பிள்ளையை வைத்துக்கொண்டு அவளும், சுவருக்கு அந்தப் பக்கம் அவனும் இதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ராசு இதை இரண்டாவது தடவை பார்க்காமல் போனது நல்லது என்று முதலில் தோன்றியது. பிறகு அப்படியும் தோன்றவில்லை. அவன் பக்கத்தில் இருந்திருந்தால், வரப்பில் வரும்போது இரண்டு பேருமாக என்னவாவது ஒரு முடிவு கட்டியிருப்பார்கள். இப்போது அவள் ஒருத்தியாக இதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

கண்ணாயிரம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். பாவாடை எழுந்து வாசல் பக்கம் வந்தான். படம் ஓடியபோது அவன் தூங்கிவிட்டிருந்தான், கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. அவளைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பாத்தியாம்மா? நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு மாமா" என்றாள் காசியம்மாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் பெண்கள் வந்து அவளை எழுப்பி, ஏரிக்கரைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே வளையல் உடைக்கும்போது அவள் அழுத அழுகையைப் பார்த்து, நெஞ்சு இல்லாதவள் என்று பேசியவர்களும் அழுதார்கள். புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள். அதுவும் பொய் இல்லை.

அதற்குப் பிறகு அவள் கொட்டகைக்குப் போகவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் கொட்டகையையே பிரித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது செங்கல் சூளை இருக்கிறது. கண்ணாயிரம் கேசட்டுகளை மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, செல்போன் கடை வைத்தார். கருமாதிக்குப் படம் போடுகிற வழக்கமும் நின்றுவிட்டது.

காசியம்மாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. மகன் வேடியப்பனோடு அதே ஊரில் இருக்கிறாள். காது நன்றாகக் கேட்கிறது, கண்தான் கொஞ்சம் மங்கல். வீட்டில் டிவி நாள் முழுக்க ஓடுகிறது. செல்போனில் எந்தக் காலத்துப் படமும் வரும், உனக்கு எது வேண்டும் சொல்லும்மா என்று வேடியப்பன் இரண்டொரு தடவை கேட்டான். எதுவானாலும் சரிப்பா என்றாள். குதிரைவண்டிப் படமும் தையல்கார அம்மா படமும் பனிப் படமும் இன்னும் அவளுக்கு வரிசையாக நினைவு இருக்கின்றன. ஓடக்காரன் படத்தை அவள் அந்த வரிசையில் வைப்பதில்லை. பாவாடை இறந்துவிட்டான், ஆயம்மாளும் இறந்துவிட்டாள். வேடியப்பனுக்கு முன்னால் பெரியநாயகி என்று ஒரு குழந்தை இருந்ததைப் பார்த்தவர்களில் ஊரில் மிச்சம் இருப்பது காசியம்மாள் ஒருத்திதான்.